கருப்பாகப் போனால் மாத்திரைதான் காரணமா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்களுக்கு வணக்கம். சாப்பிட்டுக்கொண்டே கேட்பவர்கள் மன்னிக்க வேண்டும். நான் பேச வந்தது வெளிக்குப் போவதைப் பற்றி. கிட்னி செயலிழந்த ஒருவர் வீட்டில் இருந்தால், தட்டை வைத்துவிட்டாவது இதைக் கேளுங்கள்.

கிட்னி நோயாளிகளுக்கு இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் ரத்தம் கசிவது மற்றவர்களைவிட அதிகம். கசிந்தால் லேசில் நிற்பதும் இல்லை. டெங்கு வந்த நாட்களில், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு எத்தனை ஆயிரம் என்று ஊரே விசாரித்தது அல்லவா? கிட்னி நோயாளிக்கு அந்த எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ரிப்போர்ட்டில் 2 லட்சம் என்று வரும். ஆனால் ரத்தத்தில் தேங்கிய கழிவு அந்தத் தட்டணுக்களை மந்தமாக்கிவிடும். ஆள் வேலைக்கு வந்திருக்கிறார், கைதான் ஓடவில்லை.

ரத்தசோகையும் இதோடு சேர்ந்துகொள்ளும். பென்னாகரம் டவுன் பஸ்ஸில் கூட்டம் நெருக்கினால் சின்னப் பிள்ளைகள் ஜன்னலோரம் ஒதுக்கப்படுவார்கள். சிவப்பணுக்கள் நிறைய இருந்தால் தட்டணுக்களும் அப்படித்தான், குழாய்ச் சுவரை ஒட்டியே ஓடும். ஓட்டை விழுந்தால் உடனே அடைக்கும். சிவப்பணு குறைந்தால் அவை நடுவில் மிதந்து போய்விடும். ஹீமோகுளோபினை 10-க்குப் பக்கத்தில் வைத்திருக்க டாக்டர் ஊசி போடுவதில் இந்த லாபமும் இருக்கிறது.

இனி நம் ஊர்ப் பிரச்சினைக்கு வருகிறேன். இரண்டு மாவட்டத்திலும் பல ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டிய தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை மட்டுமா வந்தது? முதுகு விறைப்பும் மூட்டுவலியும் வந்தன. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது, நல்லதுதான். ஆனால் எலும்பில் ஏற்கெனவே ஏறியது சீக்கிரம் இறங்காது. வலிக்கிறது. வலித்தால் என்ன செய்கிறோம்? கடையில் போய் "ஒரு செட்டு கொடுங்க" என்கிறோம். காகிதத்தில் மடித்து நாலு மாத்திரை தருவார்கள், பெயர் கிடையாது. அதில் டைக்ளோஃபினாக்கோ அசிக்ளோஃபினாக்கோ, ஏதாவது ஒரு வலி மருந்து இருக்கும், சில நேரம் ஸ்டீராய்டும் இருக்கும்.

இரைப்பைச் சுவருக்குக் காவலாக ஒரு சளிப்படலம் இருக்கிறது. அதைச் சுரக்கச் சொல்லும் பொருளையே இந்த மாத்திரைகள் நிறுத்திவிடுகின்றன. அதே பொருள்தான் கிட்னிக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் காக்கிறது. ஆக ஒரே மாத்திரை வயிற்றில் புண்ணும் போடும், கிட்னியையும் கெடுக்கும். "ஊசியாப் போட்டா வயித்துக்கு ஒண்ணும் ஆகாது" என்பார்கள். தவறு. ஊசி மருந்தும் ரத்தம் வழியாக அங்கேதான் போகிறது. மறுபடியும் சொல்கிறேன், கிட்னி நோயாளிக்குச் செட்டு மாத்திரை வேண்டாம், வலி ஊசியும் வேண்டாம். பாராசிட்டமால் போதும், ஒரு நாளைக்கு எத்தனை என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்செரிச்சலுக்குப் பாட்டிலில் வாங்கிக் குடிக்கிறோமே, அந்தத் திரவ மருந்துகள் பலவற்றில் அலுமினியமும் மக்னீசியமும் உண்டு. கிட்னியால் அவற்றை வெளியேற்ற முடியாது. அதையும் நீங்களாக வாங்காதீர்கள்.

சரி, கசிவதை எப்படிக் கண்டுபிடிப்பது? சிலருக்குக் காப்பித்தூள் கலந்தது போல வாந்தி வரும். பலருக்கு வாந்தியே இருக்காது, மலம்தான் சொல்லும். இங்கேதான் ஏமாறுகிறோம். "இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடறாரு, அதான் கருப்பாப் போகுது" என்று விட்டுவிடுகிறோம். மாத்திரையால் வரும் கருப்பு, கரும்பச்சையாக, கெட்டியாக இருக்கும், நாற்றம் வழக்கமானதுதான். ரத்தம் கலந்தது ரோடு போடும் தார் மாதிரி பளபளக்கும், பிசுபிசுக்கும், ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாலும் பேசினில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். இன்னொன்று, டயாலிசிஸ் செய்பவர்கள் பலருக்கு இரும்புச்சத்தை ஊசியாக நரம்பிலேயே ஏற்றுகிறார்கள். ஊசி இரும்பு மலத்தைக் கருப்பாக்காது. அவருக்குக் கருப்பாகப் போனால் இரும்பின் மேல் பழி போடவே முடியாது.

ரத்த ரிப்போர்ட்டில் வரும் யூரியா என்ற கழிவைப் பார்த்தும் ஏமாறலாம். ரத்தமும் புரதம்தான். குடலில் விழுந்த ரத்தம் கறிசோறு மாதிரி செரித்து யூரியாவை ஏற்றும், பொட்டாசியத்தையும் ஏற்றும். மற்றவர்களுக்கு யூரியா திடீரென ஏறினால் டாக்டர் சந்தேகப்படுவார். இவருக்கு அது எப்போதுமே அதிகம் என்பதால் யாருக்கும் தோன்றாது.

டயாலிசிஸ் நாளில் கவனம் வேண்டும். ரத்தம் இயந்திரத்தில் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள். உள்ளே கசிவு இருந்தால் அது இன்னும் பெருகும். ஆகவே ஊசி குத்துவதற்கு முன்பே டெக்னீசியனிடம், "நேத்திலிருந்து தார் மாதிரி போகுதுங்க" என்று சொல்லிவிடுங்கள். ஹெப்பாரின் இல்லாமலே, சலைன் விட்டுக் கழுவிக் கழுவிச் செய்ய முடியும். எப்போதும் பிரஷர் 160 இருப்பவருக்குத் திடீரென 110 வந்து, எழுந்தால் தலை சுற்றினால், "தண்ணி அதிகமா எடுத்துட்டாங்க" என்று முடிவு கட்ட வேண்டாம். மலம் என்ன நிறம் என்று கேளுங்கள். சில பிரஷர் மாத்திரைகள் நாடித் துடிப்பை ஏறவிடாது. நாடி சாதாரணமாக இருப்பதை மட்டும் நம்ப முடியாது.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபி பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: ஆஸ்பத்திரியில் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் பார்ப்பது நல்லது, பார்க்கும்போதே மருந்து செலுத்தியோ கிளிப் போட்டோ சூடு வைத்தோ கசிவை நிறுத்தலாம். ரத்தம் ஏற்றுவதானால், முடிந்தவரை டயாலிசிஸ் நடக்கும்போதே ஏற்றுவார்கள். கூடுதல் நீரும் பொட்டாசியமும் அப்போதே வெளியேறிவிடும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரினைத் தாங்களாக நிறுத்த வேண்டாம். தார் போலப் போனால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், அந்தச் செட்டு மாத்திரைக் காகிதம் உட்பட.