பூப்போட்ட ஸ்கிரப்ஸ் போட்டால் நர்ஸ் மாதிரி தெரியாதா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். அப்படியே படித்துவிடுகிறேன். ஸ்கிரப்ஸ் என்றால் மருத்துவமனையில் டியூட்டியில் போடும் மேல்சட்டையும் பேன்ட்டும்.

"எங்கள் வார்டில் டிசைன் போட்ட ஸ்கிரப்ஸ் போட அனுமதி உண்டு. கரடியும் பலூனும் பிரிண்ட் போட்ட மேல்சட்டைதான் நான் அதிகம் போடுவேன். குழந்தைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஒரு சீனியர் சிஸ்டர், 'இது என்ன நைட் டிரஸ் மாதிரி, பார்த்தால் நர்ஸ் மாதிரியே இல்லை' என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அடுத்து என்னைப் பொது மருத்துவ வார்டுக்கு மாற்றப் போகிறார்கள். அங்கேயும் இதையே போடலாமா? டிசைன் போட்டால் உண்மையிலேயே புரொஃபஷனலாக இருக்காதா?"

அந்த சீனியர் சொன்ன விதம் சரியில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அதை ஒதுக்கி வைத்துவிட்டு, சொன்ன விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அதில் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்றுதான் பார்க்க வேண்டும்.

பூவோ கரடியோ ஒரு நர்ஸின் கைத்திறமையைக் குறைத்துவிடாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. டியூட்டியில் உங்கள் முகம் கட்டிலுக்குக் கட்டில் மாறும். டிஸ்சார்ஜ் ஆகிப் போகிறவரிடம் சிரிப்பீர்கள், பக்கத்துக் கட்டிலில் வலியில் துடிப்பவரிடம் அந்தச் சிரிப்பை அடக்கிக்கொள்வீர்கள். சட்டையில் இருக்கும் கரடிக்கு அது தெரியாது. ஷிஃப்ட் ஆரம்பத்தில் சிரிக்கத் தொடங்கினால், அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடம் பொறுப்பை ஒப்படைத்து ஹேண்ட்ஓவர் கொடுக்கும் வரை சிரித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சிரிப்பு நீங்கள் போகிற எல்லாக் கட்டிலுக்கும் பொருந்துமா? நான் இதை வைத்துத்தான் முடிவு செய்வேன்.

ஒரு பொது வார்டை நினைத்துப் பாருங்கள். ஒரு பெரியவருக்கு மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிக்கொண்டிருக்கிறது. மகள் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் போய் நின்று, மெதுவாக விஷயத்தைச் சொல்கிறீர்கள். அவருக்கு உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தெம்பு இல்லை. உட்கார்ந்த நிலையில் அவர் கண்ணுக்கு நேராக இருப்பது உங்கள் சட்டைதான். அதில் ஒரு கரடி பலூனைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறது. நீங்கள் எவ்வளவு பக்குவமாகப் பேசினாலும் அந்தக் கரடி உங்களுக்கு எதிராக வேலை செய்யும். உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த மகளுக்குப் பிறகு ஞாபகம் வருவது எதுவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதே சட்டை குழந்தைகள் வார்டில் வேலைக்கே உதவுகிறது. கேனுலா, அதாவது மருந்து ஏற்ற நரம்பில் செருகும் சின்னக் குழாய், போட வேண்டும், குழந்தை கையை இழுத்துக்கொண்டு அழுகிறது. ஒரு நர்ஸ் கையைப் பிடித்து நரம்பு தேடும்போது, எதிரில் நிற்கும் நீங்கள், "சிவப்பு பலூன் எங்கே இருக்கு, காட்டு பார்ப்போம்" என்கிறீர்கள். குழந்தையின் கண் ஊசியை விட்டுச் சட்டைக்கு வருகிறது. கவனத்தைத் திருப்புவது என்பது குழந்தைகள் நர்சிங்கில் முறையாகச் சொல்லித்தரும் உத்தி. அதற்கு உங்கள் சட்டையே கருவியாகிவிடுகிறது. அதைப் புரொஃபஷனல் இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஒன்று மட்டும். குழந்தைகள் வார்டில் பதினைந்து வயதுப் பிள்ளைகளும் படுத்திருப்பார்கள். மீசை முளைக்கத் தொடங்கிய பையனிடம் கரடிச் சட்டையோடு போய்ப் பேசினால், 'என்னைப் பாப்பா என்று நினைக்கிறார்கள்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். அது தனிக்கதை.

நோயாளிகள் நிஜமாகவே உடையைக் கவனிக்கிறார்களா என்றால், கவனிக்கிறார்கள். அமெரிக்காவில் செய்த ஒரு ஆய்வு 2008இல் வெளியானது. ஒரே நர்ஸை வெவ்வேறு யூனிஃபார்மில் படம் எடுத்து, நோயாளிகளிடமும் பார்க்க வந்தவர்களிடமும் காட்டினார்கள். வெள்ளை, ஒரே நிறத் துணி, சின்னப் பிரிண்ட், பெரிய பிரிண்ட் என்று பல விதம். பெரியவர்கள் வெள்ளைக்குத்தான் அதிக மதிப்பு கொடுத்தார்கள். சிறுவர்களிடம் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. கவனியுங்கள், உள்ளே இருந்தது ஒரே ஆள், மாறியது துணி மட்டும். ஆனால் இது படத்தைப் பார்த்துச் சொன்ன அபிப்பிராயம். ஒரு ராத்திரி முழுக்க அந்த நர்ஸ் கவனித்துக்கொண்ட பிறகு கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ, அது வேறு விஷயம். முதல் பார்வைக்கு உடை பேசும், அவ்வளவுதான் இதில் தெரிகிறது.

அதற்காக வெள்ளைதான் உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. வெள்ளையை முதலில் கைவிட்டதே ஆபரேஷன் தியேட்டர்தான். பளீரென்ற விளக்கின் கீழே வெள்ளைத் துணி கண்ணைக் கூசியது. 1914இல் சான் பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர் கீரைப் பச்சை நிறத்துக்கு மாறினார். ரத்தச் சிவப்பையே வெகுநேரம் உற்றுப் பார்த்த கண்ணுக்குப் பச்சை ஓய்வு கொடுக்கும். வேலை செய்கிற கண்ணுக்கு எது தேவை என்று பார்த்து நிறத்தை மாற்றினார்கள். நம் கேள்வியிலும் அதே மாதிரிதான் பார்க்க வேண்டும், அழகா இல்லையா என்று ஆரம்பித்தால் சண்டைதான் மிஞ்சும்.

இப்போது யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயத்துக்கு வருகிறேன். கறை. டிசைன் போட்ட துணியை ஏன் பிடிக்கிறது என்று கேட்டால் நிறைய நர்ஸ்கள், "கறை தெரியாது சிஸ்டர்" என்பார்கள். எனக்கு அங்கேதான் உறுத்துகிறது. நமக்குக் கறை தெரிய வேண்டும்! நோயாளியின் காயத்துக்கு டிரெஸ்ஸிங் மாற்றும்போது கட்டிலில் வயிறு உரசி, இடுப்புப் பக்கம் ஒரு சொட்டு சீழோ ரத்தமோ ஒட்டிக்கொள்கிறது. பிளைன் துணியில் அது உடனே கண்ணில் படும், போய் மாற்றிக்கொள்வீர்கள். சிவப்பும் பழுப்புமாகப் பூ போட்ட துணியில் அது இன்னொரு இதழ் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். அதோடு அடுத்த கட்டிலுக்குப் போவீர்கள், குனிந்து அவரைத் தூக்கி உட்கார வைப்பீர்கள். கறையை மறைக்கும் துணி கிருமியையும் சேர்த்து மறைக்கிறது. கருநீலம், கறுப்பு மாதிரி அடர் நிறத் துணிக்கும் இந்தக் குறை உண்டு, பிரிண்டை மட்டும் குறை சொல்ல முடியாது.

துவைப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வீட்டில் துவைக்கும் யூனிஃபார்மை 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் பத்து நிமிடமாவது துவைக்க வேண்டும், அதில் கிட்டத்தட்ட எல்லாக் கிருமியும் போய்விடும் என்று பிரிட்டனின் அரசு மருத்துவ சேவை தன் ஊழியர்களுக்குச் சொல்கிறது. ஆனால் ஆசைப்பட்டு வாங்கிய பிரிண்ட் சட்டையை யார் அந்தச் சூட்டில் போடுவார்கள்? சாயம் வெளுத்துவிடுமே என்று பச்சைத் தண்ணீரில் அலசிப் போட்டுவிடுவோம். டிசைன் போட்ட சட்டை வாங்குவதாக இருந்தால் சூட்டைத் தாங்குகிற துணியா என்று பார்த்து வாங்குங்கள். தாங்காது என்றால் அது வேலைக்கான துணியே இல்லை.

பொது மருத்துவ வார்டு என்றீர்களே, அங்கே வயதானவர்கள் அதிகம் இருப்பார்கள். மறதி நோய் உள்ளவர்கள், காய்ச்சல் முற்றியோ மருந்தாலோ திடீரென்று மனக்குழப்பம் வந்தவர்கள் இருப்பார்கள். அவர்களில் சிலருக்குக் கண்ணில் படுவது ஒன்று, மனதில் பதிவது இன்னொன்று. தரைவிரிப்பில் இருக்கும் புள்ளியைப் பூச்சி என்று நினைத்துப் பயப்படுவார்கள், அடர்ந்த கட்டத்தைப் பள்ளம் என்று நினைத்துத் தாண்டப் பார்ப்பார்கள். அதனால்தான் மறதி நோய் உள்ளவர்களின் பராமரிப்பு இல்லங்களில் தரையும் திரையும் பிளைனாக இருக்கட்டும் என்று சொல்கிறார்கள். அதே கண்ணுக்கு முன்னால் நெருக்கமான டிசைன் சட்டையோடு ராத்திரி மங்கல் வெளிச்சத்தில் குனிந்தால், அவர் சட்டையைத் தட்டிவிடப் பார்ப்பார். சிஸ்டரை அடிக்க வந்தார் என்று குறிப்பில் எழுதுவோம். பாவம், அவர் பூச்சியைத் தட்டியிருப்பார்.

அப்புறம், ஆளை அடையாளம் தெரிவது. கட்டிலில் படுத்திருப்பவருக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் வந்து போகிறார்கள். யார் நர்ஸ், யார் உதவியாளர், யாரிடம் வலி மாத்திரை கேட்பது என்று தெரிய வேண்டாமா? ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அரசு மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் ஒரே நிற ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். அடர் நீலம் என்றால் வார்டுப் பொறுப்பாளர் என்று எங்கே போனாலும் தெரிந்துவிடும். ஆளுக்கொரு டிசைன் என்றால் அது கெட்டுப்போகும். டிசைன் அனுமதிக்கும் வார்டில் பேட்ஜ் பெரிதாக இருக்க வேண்டும், 'நர்ஸ்' என்பது பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருந்தால் இன்னும் நல்லது. வாயைத் திறந்து பெயரைச் சொன்னால் அதைவிட நல்லது. கேட் கிரேஞ்சர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், தானே புற்றுநோய் நோயாளியாகப் படுத்திருந்தபோது, வருகிறவர்கள் தங்கள் பெயரைக்கூடச் சொல்லாமல் வேலையைப் பார்த்துவிட்டுப் போவதைக் கவனித்து, 2013இல் 'வணக்கம், என் பெயர் இது' என்று சொல்லிப் பழகுங்கள் என ஒரு இயக்கமே நடத்தினார். அதற்குக் காசு செலவே இல்லை.

நைட் டிரஸ் மாதிரி என்றாரே, அது பெரும்பாலும் டிசைனால் வருவதில்லை. தொளதொளவென்ற அளவு, கசங்கல், தொய்ந்த கழுத்து, பேனாவும் கத்தரியும் போட்டுப் போட்டு ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட பாக்கெட். இதெல்லாம் இருந்தால் வெள்ளையிலும் அப்படித்தான் தெரியும். அளவாகத் தைத்து, தேய்த்துப் போட்டால் பாதிப் பேச்சு அடங்கிவிடும்.

ஆக, சகோதரி, குழந்தைகள் வார்டில் இருக்கும் வரை தயங்காமல் போடுங்கள். கீழே பேன்ட் மட்டும் பிளைனாக இருக்கட்டும். பொது வார்டுக்குப் போனதும் மேலும் கீழும் பிளைனுக்கு மாறிவிடுங்கள், கறை தெரிகிற மாதிரி வெளிர் நிறமாக இருந்தால் நல்லது. போவதற்கு முன்பே வார்டுப் பொறுப்பாளரிடம் விதி என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள், முதல் நாளே பேச்சு வாங்க வேண்டாம். கரடியை விட மனசில்லை என்றால் பேட்ஜ் கிளிப்பில் சின்னதாக ஒன்று மாட்டிக்கொள்ளலாம். சோகமான கட்டிலுக்குப் போகும்போது அதைத் திருப்பி வைத்துக்கொள்ள முடியும், சட்டையைத் திருப்ப முடியாது. வாங்கிய சட்டைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், திரும்பவும் குழந்தைகள் வார்டுக்குப் போட்டால் தேவைப்படும்.

அந்த சீனியரிடம் வீம்புக்குப் பதில் சொல்லப் போக வேண்டாம். அடுத்த முறை கேனுலா போடும்போது கூட நிற்கச் சொல்லுங்கள், சட்டை என்ன வேலை செய்கிறது என்று அவரே பார்க்கட்டும். சரி, அடுத்து ஒருவர் ஷூ பற்றிக் கேட்டிருக்கிறார், ராத்திரி டியூட்டியில் கால் வீங்குகிறதாம். அதைப் பார்ப்போம்.