பாலிசி கையில் இருக்கிறது, ஆன்லைனில் இல்லை: யாரிடம் போய்க் கேட்பது?

[திரையில்: தொப்பூர் கணவாய்ச் சாலை]

வணக்கம். இன்சூரன்ஸ் கட்டியாயிற்று, பாலிசி பேப்பரும் வண்டியில் இருக்கிறது. ஆனால் வாகனச் சோதனையில் போலீஸ்காரர் மெஷினில் நம்பரைத் தட்டினால் ‘இன்சூரன்ஸ் இல்லை’ என்று வருகிறது. மறுநாளே பலரும் ஓடுவது ஆர்டிஓ ஆபீசுக்கு. பெரும்பாலும் அது வீண் அலைச்சல்தான்.

ஏன் என்றால், நீங்கள் வருடாவருடம் புதுப்பிக்கும் பாலிசியை ஆர்டிஓ ஆபீசில் யாரும் உட்கார்ந்து ஏற்றுவதில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி அந்த விவரத்தை ஐதராபாத்தில் உள்ள இன்சூரன்ஸ் தகவல் மையத்துக்கு அனுப்பும். அங்கிருந்து அது மத்திய அரசின் ‘வாஹன்’ டேட்டாபேஸுக்குப் போகும். வழியில் வண்டி நம்பரிலோ சேசிஸ் நம்பரிலோ ஓர் எழுத்து பிசகினாலும் பாலிசி உங்கள் வண்டியோடு சேராது.

[திரையில்: டிஎன் 29, டிஎன் 24, டிஎன் 70]

தருமபுரிக்கு 29, கிருஷ்ணகிரிக்கு 24, ஓசூருக்கு 70. 29-க்குப் பதில் 24 என்று அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவசரத்தில் பாலிசி போடும் ஏஜென்ட் கையில் இது சுலபமாக நடக்கும். சேசிஸ் நம்பரில் இன்னொரு வம்பு. அதில் மொத்தம் 17 இலக்கம். ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் அதில் வரவே வராது. உங்கள் பாலிசியில் ஓ இருந்தால் அது பூஜ்யமாக இருக்க வேண்டியது, தப்பாக அடித்திருக்கிறார்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

புது வண்டி வாங்கியவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். ஷோரூமில் பாலிசி போடும்போது நம்பர் வந்திருக்காது, அந்த இடத்தில் ‘நியூ’ என்று போட்டிருப்பார்கள். பைக்குக்கு ஐந்து வருடம், காருக்கு மூன்று வருடம் மூன்றாம் நபர் பாலிசி சேர்ந்தே வருவதால் அதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நம்பர் வந்ததும் பாலிசியில் ஏற்றச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதுங்கள். இதற்கு ‘எண்டார்ஸ்மெண்ட்’ என்று பெயர்.

ஆக, முதலில் ஆர்.சி., பாலிசி, வண்டியில் அடித்திருக்கும் சேசிஸ் நம்பர், இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். பாலிசியில் தப்பு என்றால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஈமெயில் போடுங்கள். ஏஜென்டிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. ஒரு மாதமாகியும் பதில் இல்லையா? சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், கட்டணம் கிடையாது. அதற்கு முன்பே இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255-க்குப் போன் செய்தும் புகார் பதியலாம்.

ஆர்.சி.யிலேயே தப்பு என்றால்தான் ஆர்டிஓ ஆபீஸ். ஷோரூம் பில், படிவம் 21 எனும் விற்பனைச் சான்று, சேசிஸ் நம்பரின் மேல் பேப்பர் வைத்துத் தேய்த்தெடுத்த பென்சில் பிரிண்ட் எல்லாம் கொண்டு போங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்கக் கேட்டால் வண்டியும் வேண்டும். மனுவின் நகலில் சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள். இழுத்தடித்தால் முதல்வரின் உதவி மைய எண் 1100-க்குப் பேசலாம், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். வாசலில் நிற்கும் புரோக்கரிடம் ஒரிஜினல் ஆர்.சி.யைக் கொடுத்துவிட்டு வருவதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

‘பேப்பர்தான் இருக்கிறதே, ஆன்லைனில் வராவிட்டால் என்ன?’ என்று விட்டுவிடாதீர்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய், மறுபடி மாட்டினால் 4,000. மூன்று மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஃபைனை விடுங்கள், நாளைக்கு விபத்து நடந்தால், தப்பான சேசிஸ் நம்பரைக் காட்டியே கிளெய்மை இழுத்தடிப்பார்கள்.

[திரையில்: ஓசூர், அத்திப்பள்ளி எல்லை]

அடுத்தது நம்பர் பிளேட். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் உயர் பாதுகாப்பு பிளேட் இருக்கும். இடது கீழ் மூலையில் லேசரில் பொறித்த எண்ணைப் பாருங்கள். முன் பிளேட்டில் ஒன்று, பின் பிளேட்டில் வேறொன்று. ஷோரூமில் மாற்றிப் பூட்டிவிட்டால் நீங்களே கழற்றாதீர்கள். அந்தப் பூட்டை உடைத்தால்தான் வரும், மறுபடி போடவும் முடியாது. டீலரிடமே எழுதிக் கொடுத்து மாற்றுங்கள்.

ஓசூர்க்காரர்களுக்கு வரும் தலைவலி வேறு. வண்டி வீட்டில் நிற்க, பெங்களூரில் சிக்னல் தாண்டியதாக இ-சலான் வரும். பணம் கட்டுவதற்கு முன் சலானில் உள்ள படத்தைப் பாருங்கள். உங்களுடையது கருப்பு பைக், படத்தில் வெள்ளை ஸ்கூட்டர் என்றால், கேமரா நம்பரைத் தப்பாகப் படித்திருக்கலாம். இதை நம் ஊர் ஆர்டிஓ ரத்து செய்ய முடியாது. சலான் போட்ட கர்நாடகப் போலீசிடம், ஆர்.சி.யும் வண்டிப் படமும் இணைத்து ஆன்லைனில் புகார் கொடுக்க வேண்டும். படத்தில் உங்கள் நம்பரே தெளிவாக வேறு வண்டியில் இருந்தால், யாரோ போலி பிளேட் மாட்டி ஓட்டுகிறார்கள். அன்றைக்கே உள்ளூர் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.