மீன் வருவதற்கு முந்தைய ஆறு வாரங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்க விரும்பி யோசனை கேட்க வருகிறவர்களில் பெரும்பாலோர், எந்த மீனை வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கோமாளி மீனின் செம்மஞ்சள் உடலையும் வெண்பட்டைகளையும் ஒருமுறை அருகில் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை எழுவது இயல்பே. ஆனால் மீன் வருவதற்கு முன்னால் ஏறத்தாழ ஆறு வாரம் அந்தத் தொட்டியில் நீரும் கல்லும் மணலும் மட்டுமே இருக்க வேண்டும் என்று சொன்னதும் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. இன்றைய உரையில் அந்த ஆறு வாரங்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆசையோடு தொட்டி வைத்து இரண்டே மாதத்தில் கைவிட்டவர்களை விசாரித்தால், அவர்களுள் மிகப் பலர் அந்தக் காத்திருப்பைத் தவிர்க்க முயன்றவர்களாகவே இருக்கிறார்கள்.

காத்திருப்பு எதற்காக என்பதை முதலில் பார்ப்போம். மீன் தன் செவுள்களின் வழியாக இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. தின்னாமல் விட்ட இரை அழுகும்போதும் அம்மோனியாவே உண்டாகிறது. கடலில் அது பரந்த நீரில் கரைந்து, அங்குள்ள உயிர்களால் உடனுக்குடன் பயன்படுத்தப்பட்டுவிடும். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை. நீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும்; அவற்றுள் மின்னேற்றம் இல்லாத வடிவம்தான் மீனின் செவுளைப் புண்ணாக்கிக் கொல்வது. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு கூடக்கூட அந்த நச்சு வடிவத்தின் பங்கும் கூடும். நன்னீர்த் தொட்டியின் பி.எச். பொதுவாக 7ஐ ஒட்டியிருக்க, கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருப்பதால், நன்னீர் மீன் ஒருவாறு தாங்கிக்கொள்ளும் அதே அளவு அம்மோனியா கடல்நீர்த் தொட்டியில் உயிருக்கே ஆபத்தாகிறது.

இந்த நச்சை நீக்கித் தருபவை நுண்ணுயிரிகள். ரஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவில் இவ்வகைப் பாக்டீரியாக்களைத் தனியே பிரித்தெடுத்து, அவை செயல்படும் விதத்தை விளக்கினார். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. மற்றொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை, நச்சுத்தன்மை மிகக் குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. இரண்டு கூட்டங்களும் பெரும்பாலும் நீரில் மிதப்பதில்லை. கல்லின் துளைகளிலும் மணல் துகள்களின் மேலும் ஒட்டிக்கொண்டே வாழ்கின்றன. நம் குடலில் வாழும் ஈ.கோலை தக்க சூழலில் 20 நிமிடங்களில் இரட்டிப்பாகிவிடும். இவற்றுக்கோ ஏறத்தாழ ஒரு நாள் வரை ஆகும். தொட்டியைப் பழக்குவது, அதாவது கடைக்காரர்கள் ‘சைக்ளிங்’ என்று சொல்வது, இந்த மெதுவான உயிர்கள் போதிய அளவு பெருகும்வரை அவற்றுக்கு உணவும் உயிர்வளியும் கொடுத்துப் பொறுத்திருப்பதே ஆகும்.

இனித் தொட்டிக்கு வருவோம். புதியவர்கள் சிறிய தொட்டியில் தொடங்குவது எளிது என்று நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. 30 லிட்டர் தொட்டியில் ஒரு வேளை இரை கூடிப்போனாலே நீர் கெட்டுவிடும். 200 லிட்டர் நீர் அதே பிழையை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட தொட்டி ஏறத்தாழ 190 லிட்டர் கொள்ளும். கல்லும் மணலும் இட்டபின் 160 லிட்டர் அளவுக்கு நீர் நிற்கும். கண்ணாடியையும் சேர்த்தால் எடை கால் டன்னை எட்டுமாதலால், அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும் மட்டமான தரையும் வேண்டும்.

கடற்கரையில் வசிக்கிறவர்கள் கடலிலிருந்தே நீர் எடுத்து வரலாமே என்று கேட்பதுண்டு. கரையோர நீரில் கழிவுநீரும் எண்ணெயும் கலந்திருக்கக்கூடும் என்பதோடு, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்றுநீர் வந்து கலந்து உப்பின் அளவும் குறைந்துவிடும். ஆகவே தொட்டிக்கென்று விற்கப்படும் உப்பைத் தூய நீரில் கலந்து பயன்படுத்துவதே நல்லது. வீட்டில் குடிப்பதற்கு வைத்திருக்கும் ஆர்.ஓ. நீர் இதற்குப் போதாது. சுவைக்காகத் தாதுக்கள் அதில் விட்டுவைக்கப்படுவதால், நீரில் கரைந்துள்ள பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை நனைத்தால் 50க்கு மேல்கூடக் காட்டலாம். ஆர்.ஓ.வுக்குப் பின்னால் அயனி நீக்கும் பிசின் அடைத்த குழாய் ஒன்றையும் இணைத்து, மீட்டர் சுழியம் காட்டும் நீரையே எடுக்க வேண்டும். அந்த நீரில் லிட்டருக்கு 35 முதல் 40 கிராம் வரை உப்பு தேவைப்படும். உப்பைக் கலந்து, சிறு பம்பு ஒன்றை ஓடவிட்டு ஒரு நாள் வைத்திருந்து, உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஆயிரத்துக்கு 35 பங்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின்னாளில் தொட்டி நீர் ஆவியாகிக் குறையும்போது உப்பு அங்கேயே தங்கிவிடுமாதலால், குறையும் நீரை உப்பில்லாத தூய நீராலேயே ஈடுசெய்ய வேண்டும்; உப்பு நீரை ஊற்றிக்கொண்டே போனால் சில வாரங்களில் உயிர்கள் தாங்காத அளவுக்கு உவர்ப்பு ஏறிவிடும்.

வெப்பம் நம் ஊரில் தனிக் கவலை. குளிர்நாட்டுப் புத்தகங்கள் ஹீட்டரைப் பற்றி விரிவாக எழுதுகின்றன. சென்னையிலும் மதுரையிலும் சித்திரை, வைகாசியில் நமக்குத் தேவைப்படுவது நீரைக் குளிர்விக்கும் வழி. 25, 26 டிகிரியில் நீரை நிறுத்தி வைப்பது நல்லது. சில்லர் வாங்க இயலாதவர்கள் நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறியின் காற்று படுமாறு வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். நீர் விரைவில் ஆவியாகும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். நீரைச் சுழலவைக்கும் வேவ்மேக்கரை இன்வெர்ட்டரோடு இணைத்துவிடுங்கள். நான் சொன்ன பாக்டீரியாக்கள் உயிர்வளி இன்றி வேலை செய்யமாட்டா. நள்ளிரவில் மின்சாரம் போய் நீரோட்டம் நின்றுவிட்டால் மீனோடு அவையும் திணறும்.

அடுத்தது கல். இதைச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். பிற நாடுகளில் பவளத்திட்டுகளிலிருந்து எடுத்த உயிருள்ள கல்லை, அதாவது நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கல்லை, தொட்டியில் இடும் வழக்கம் இருக்கிறது. நம் நாட்டில் கல் பவளங்கள் யாவும், கருப்புப் பவளமும், நெருப்புப் பவளமும், கடல் விசிறியும், இவற்றோடு கடல் குதிரையும் கடல் அட்டையும் 2001ஆம் ஆண்டு முதல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. அந்தத் தீவுகளில் இரண்டு இன்று நீருக்கடியில் இருக்கின்றன. சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறி அங்குள்ள பவளங்கள் வெளுத்தன. அப்படிப்பட்ட இடத்திலிருந்து நம் வரவேற்பறைக்காக ஒரு கைப்பிடிப் பவளம்கூட வரக்கூடாது. கரையொதுங்கிய செத்த துண்டாக இருந்தாலும் கூடாது. துளைகள் நிறைந்த பீங்கான் கல்லும், சிமென்ட்டில் வார்த்த செயற்கைக் கல்லும் கடைகளில் கிடைக்கின்றன. பாக்டீரியாவுக்கு வேண்டியது ஒட்டிக்கொள்ள இடம் மட்டுமே. இந்த அளவுத் தொட்டிக்கு 15 முதல் 20 கிலோ போதும். சிமென்ட் கல்லாக இருந்தால் மட்டும் சில வாரங்கள் நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் காரத்தைப் போக்கிய பின்பே உள்ளே வையுங்கள்.

எல்லாம் அமைந்து, நீர் தெளிந்த பிறகு பழக்குதல் தொடங்குகிறது. முன்பெல்லாம் டாம்சல் போன்ற வலுவான மீன் ஒன்றை முதலில் விட்டு, அதன் கழிவைக் கொண்டே தொட்டியைப் பழக்குவார்கள். செவுள் புண்ணாகி நீர்ப்பரப்பில் வாய் பிளந்து தவிக்கும் உயிரைக் கருவியாக்குவது கொடுமை. இன்று அதற்கு எந்தத் தேவையும் இல்லை. ஆய்வகத் தரமுள்ள அம்மோனியம் குளோரைடே போதுமானது. கடைத்தெருவில் நவச்சாரம் என்று கிடைப்பதும் அதுவேதான் என்றாலும், அதில் பிற உலோகங்கள் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதால் அதைத் தவிர்க்கவும். 160 லிட்டர் நீரில் ஏறத்தாழ ஒரு கிராம் கரைத்தால் அம்மோனியா 2 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்துக்கு 2 பங்கு, என்ற அளவுக்கு வரும். 5 பி.பி.எம்.முக்கு மேல் போனால் பாக்டீரியாவின் வளர்ச்சியே தடைப்படும். ஏற்கெனவே நன்றாக நடக்கும் நோயற்ற தொட்டியிலிருந்து ஒரு பிடி மணல் கிடைத்தால், பாலுக்கு உறை ஊற்றுவதுபோல அது வேலையை விரைவுபடுத்தும். புட்டியில் விற்கும் பாக்டீரியாவும் பயன்படும். ஆனால் கோடை வெயிலில் லாரியில் பல நாள் பயணம் செய்து வந்த புட்டியில் எத்தனை உயிரோடு இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. இந்த வாரங்களில் விளக்கு வேண்டாம். வெளிச்சம் பாசியைத்தான் வளர்க்கும்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரைச் சோதியுங்கள். சோதனைக் குழாயில் கோடு வரை தொட்டி நீரை எடுத்து, தாளில் சொன்ன எண்ணிக்கையில் சொட்டு மருந்தை விட்டு, மூடிக் குலுக்கி, கடிகாரத்தைப் பார்த்து அவர்கள் சொன்ன நேரம் வரை காத்திருந்து, சன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத்தாளின் முன் பிடித்து வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். பரவலாகக் கிடைக்கும் அம்மோனியா சோதனையில் மஞ்சள் மாறாமல் நின்றால் அம்மோனியா இல்லை. இருந்தால் இளம்பச்சையில் தொடங்கிக் கரும்பச்சை வரை போகும். குழல்விளக்கின் கீழ் மஞ்சளும் இளம்பச்சையும் ஒன்றுபோலத் தெரியும்; ஆகவே பகலில் பார்ப்பதே சரி.

முதல் சில நாட்களில் எதுவும் நடக்காததுபோலத் தோன்றும். பிறகு பச்சை மெல்ல வெளிறும். அதே வேளையில் நைட்ரைட் சோதனை நிறம் காட்டத் தொடங்கும். இரண்டாவது கூட்டம் மேலும் மெதுவாகப் பெருகுவதால், நைட்ரைட் இரண்டு மூன்று வாரம்கூட உச்சத்திலேயே நிற்கலாம். பலர் பொறுமையிழப்பது இந்தக் கட்டத்தில்தான். நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் சோதனையை நம்ப வேண்டாம். அந்தச் சோதனை நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றியே அளப்பதால் உள்ளதைவிட மிகக் கூடுதலாகக் காட்டும். ஒரு நாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வரும். அன்றே மீன் கடைக்குப் புறப்பட்டுவிட வேண்டாம். மறுபடியும் ஒரு கிராம் அம்மோனியம் குளோரைடை இட்டு, 24 மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். இரண்டும் மீண்டும் சுழியமானால் தொட்டி பழகிவிட்டது. இல்லையென்றால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். பழகிய தொட்டியில் நைட்ரேட் சேர்ந்திருக்கும். பாதி நீரை மாற்றினால் குறைந்துவிடும்.

இதன் பிறகு, விளக்கு எரியத் தொடங்கியதும் மணலும் கல்லும் பழுப்புப் படலத்தால் மூடிக்கொள்ளும். அவை டயட்டம் என்னும் நுண்பாசிகள். பெரும்பாலும் சில வாரங்களில் தாமே அடங்கும். நாலைந்து நத்தைகள் உதவும். மருந்து எதையும் ஊற்ற வேண்டாம். குறிப்பாகச் செம்பு கலந்த மருந்து நத்தை, இறால், பவளம் அனைத்தையும் கொன்றுவிடும்.

முதல் மீனாகத் தொட்டியில் பிறந்த ஒரு சோடிக் கோமாளி மீனையே பரிந்துரைக்கிறேன். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் கோமாளி மீன்களைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கின்றன. சென்னையில் வண்ணமீன் விற்கும் கொளத்தூரில் வாங்கினாலும் வேறெங்கு வாங்கினாலும், வளர்ப்பில் பிறந்ததா, கடலில் பிடித்ததா என்று கேட்டு வாங்குங்கள். கடலில் கோமாளி மீன் அண்டி வாழும் கடல் சாமந்தி என்னும் உயிர் தொட்டியில் அதற்குக் கட்டாயமில்லை. சாமந்திக்குத்தான் முதிர்ந்த தொட்டி தேவை. அதற்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். பவளத்தைப் பொறுத்தவரை, வளர்ப்பில் வந்தது என்பதற்கு முறையான ஆவணம் தருகிறவரிடம் மட்டுமே காளான் பவளம் போன்ற மென்மையான வகைகளைப் பிறகு வாங்கலாம். பவளத்துக்கு உறவான, பொத்தான்போலப் பூக்கும் சோவாந்து என்னும் உயிர்களின் வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டிய கல்லை வெறுங்கையால் தேய்க்கவோ, வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைக்கவோ ஒருபோதும் கூடாது.

மீனைக் கொண்டுவந்ததும் பையை மூடியபடியே கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். பிறகு பையைத் திறந்து தொட்டி நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து உள்ளே விடுங்கள். பை நீர் தொட்டிக்குள் போக வேண்டாம். முதல் வாரம் இரையை ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கே போட்டு, அம்மோனியாவை நாள்தோறும் சோதியுங்கள். மஞ்சள் சற்றே பச்சையானாலும் அன்று இரையை நிறுத்திவிட்டுக் கால்வாசி நீரை மாற்றுங்கள். அடுத்த உயிரை வாங்க மேலும் மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். கூடிய கழிவுக்கு ஏற்பப் பாக்டீரியாவும் பெருகுவதற்கு அந்த அவகாசம் வேண்டும்.

நன்றி, வணக்கம்.