1,250 டிகிரியில் ஒரு சிவப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

பீங்கான் கிண்ணத்தில் நீலப் பூவை வரைந்து முடித்தவரின் பக்கத்தில் நின்று பார்த்தால், கிண்ணத்தில் நீலமே இருக்காது. தூரிகை பட்ட இடமெல்லாம் அடுப்புக்கரியைத் தீற்றியதுபோலக் கறுத்திருக்கும். கோபால்ட் ஆக்சைடு கறுப்புத் தூள். அதைத் தண்ணீரில் குழைத்துத்தான் வரைகிறோம். சூளைக்குள் போய், மேலே பூசிய பூச்சு கண்ணாடியாக உருகி, இந்தக் கறுப்பு அதில் கரைந்த பிறகே நீலம் பிறக்கிறது. வரைகிறபோது அந்த நிறம் எங்கள் கண்முன் இல்லை. தூரிகையின் ஈரத்தையும் கையின் அழுத்தத்தையும் வைத்து, எந்த இதழ் வெளிறும், எந்த இதழ் அடர்ந்து வரும் என்று கணிக்க வேண்டியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் சூளைக் கதவைத் திறக்கும்போது என் நெஞ்சு படபடக்கிறது.

அந்தக் கண்ணாடிப் பூச்சைத் தொழிலில் கிளேஸ் என்போம். துணிக்குப் போடும் சாயம் இங்கே நிற்காது. 300, 400 டிகிரிக்குள் கருகிப் புகையாகிவிடும். பீங்கான் சூளையோ 1,200 டிகிரியைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் பிழைப்பவை கோபால்ட், இரும்பு, தாமிரம், குரோமியம், மாங்கனீசு போன்ற உலோகங்கள் தரும் நிறங்கள்தாம். ஆனால் சூட்டைத் தாங்கினால் மட்டும் போதாது. உருகிய கிளேஸ், தொட்டதையெல்லாம் கரைத்துத் தனக்குள் இழுத்துக்கொள்ளப் பார்க்கும். சூட்டைவிட அந்தக் கரைப்புதான் நிறங்களுக்குப் பெரிய பகை. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கோபால்ட் மட்டும் இதற்கு அஞ்சுவதில்லை. கரைந்தாலும் நீலம்தான். நூற்றுக்கு ஒரு பங்குகூட வேண்டாம், கிளேஸ் முழுவதும் நீலமாகிவிடும். பதினான்காம் நூற்றாண்டில் சீனாவின் ஜிங்தேஜென் நகரச் சூளைகள் பாரசீகத்திலிருந்து வந்த கோபால்ட்டைக் கொண்டு வெள்ளையில் நீலம் தீட்டின. அந்தப் பாணி உலகமெங்கும் பரவியதற்கு அழகு ஒரு காரணம். அந்த உச்சச் சூட்டிலும் கிளேஸுக்கு அடியில் கலையாமல் நின்ற நிறங்கள் மிகச் சில என்பது, என் கணக்கில், அதைவிடப் பெரிய காரணம்.

சிவப்பு அப்படிப்பட்டதல்ல. செங்கல்லைச் சிவக்க வைப்பது இரும்பு ஆக்சைடு. அதையே கிளேஸில் போட்டால், கரைந்த மறுகணம் சிவப்பு போய்விடும். கிடைப்பது தேன் நிறம், இல்லையென்றால் பழுப்பு. சூளையில் ஆக்சிஜனைக் குறைத்துச் சுட்டால், அதே இரும்பு ஒன்றிரண்டு சதவீதத்தில் இளம்பச்சையாக மாறி நிற்கும். பதினாறாம் நூற்றாண்டில் துருக்கியின் இஸ்னிக் நகரத்துக் கைவினைஞர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். இரும்பு நிறைந்த செம்மண்ணைக் குழைத்து, கிளேஸால் முழுவதும் கரைக்க முடியாத அளவுக்குத் தடிப்பாக அப்பினார்கள். அந்த ஓடுகளில் விரலை ஓட்டினால், நீலமும் பச்சையும் மட்டமாக இருக்கும் இடத்தில் சிவப்பு மட்டும் புடைத்துத் தட்டுப்படும். அரை நூற்றாண்டுக் காலம் அந்தச் சிவப்பு அங்கே சுடர்விட்டது.

தாமிரத்தின் வழி வேறு. காற்றோட்டமான சூளையில் அது பச்சை தரும். ஆக்சிஜனுக்கு ஏங்கும் சூளையில், கண்ணுக்கெட்டாத நுண்துகள்களாகக் கண்ணாடிக்குள் பிரிந்து நின்று ரத்தச் சிவப்பாகும். மிங் அரசர்களின் காலத்துப் பதினைந்தாம் நூற்றாண்டுச் சிவப்புப் பாத்திரங்கள் இப்படிப் பிறந்தவை. நான் முதன்முதலில் முயன்றபோது ஐந்து கிண்ணங்கள் வைத்தேன். இரண்டு ஈரல் நிறத்தில் வந்தன. இரண்டு சாம்பல் பூத்து வெளிறிவிட்டன. ஐந்தாவது கிண்ணத்தில் விளிம்பு வெள்ளையாகவும் வயிறு மாதுளை முத்தைப் போலவும் இருந்தது. விளிம்பில் கிளேஸ் வழிந்து மெலிந்ததால் அங்கே தாமிரம் நிற்கவில்லை. அந்த ஒன்றுக்காக மற்ற நான்கையும் நான் மன்னித்துவிட்டேன்.

சூட்டையே குறைத்துவிடுவது இன்னொரு வழி. பாத்திரத்தை முழுவதும் சுட்டு முடித்து, ஆறிய கிளேஸின் மேல் எளிதில் உருகும் கண்ணாடித் தூளோடு நிறத்தைக் கலந்து தீட்டி, 700 முதல் 850 டிகிரிக்குள் மறுபடி சுடுவார்கள். 1710இல் தொடங்கிய ஜெர்மனியின் மைசன் பீங்கான் ஆலை, 1720இல் அங்கே வந்த யோஹான் கிரெகோரியுஸ் ஹெரோல்ட் என்ற ஓவியரின் கையில்தான் இந்த மேல்வண்ணங்களில் பெயரெடுத்தது. தங்கத்தைக் கரைத்து வெள்ளீயத்தோடு சேர்த்து எடுக்கும் ரோஜா நிறமும் இந்த வகைதான். பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் நிறம் கிளேஸின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. கரண்டி உரசும், காரமான சோப்பு அரிக்கும், சில ஆண்டுகளில் இதழோரம் தேய்ந்துவிடும். சுவரில் மாட்டும் தட்டுக்கு இதை மனதாரப் பரிந்துரைப்பேன். தினம் சாப்பிடும் தட்டுக்கு ஒருபோதும் சொல்லமாட்டேன்.

உயர்ந்த சூட்டில், கிளேஸுக்கு அடியில், தக்காளிச் சிவப்பு வேண்டுமென்றால் என்ன செய்வது? காட்மியமும் செலினியமும் கந்தகமும் சேர்ந்த சேர்மம் அந்தச் சிவப்பைத் தரும். ஆனால் அதை வெறுமனே விட்டால் அந்தச் சூட்டில் சிதைந்துவிடும். இதற்கு விடையாக, சிர்க்கோனியம் சிலிக்கேட் படிகம் உருவாகும்போதே அந்தச் சிவப்பை அதற்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். படிகம் நிறமற்றது, உள்ளே இருக்கும் சிவப்பு வெளியே தெரியும். உருகிய கிளேஸாலும் அதை எளிதில் கரைக்க முடியாது. பலாச்சுளைக்குள் கொட்டை இருப்பதுபோல, ஒவ்வொரு துகளுக்குள்ளும் சிவப்பு பத்திரமாக இருக்கிறது. இந்தத் தூளைக் கொண்டு 1,250 டிகிரியிலும் சிவப்பை நிறுத்தலாம்.

இதில் நான் பட்டது ஒன்று உண்டு. தூள் சற்றுச் சொரசொரப்பாக இருக்கிறதே என்று அரவை உருளையில் போட்டு நீண்ட நேரம் அரைத்தேன். மாவுபோல நைசாக வந்தது. தூரிகைக்கு அத்தனை சுகம். சூளையிலிருந்து வெளிவந்ததோ அழுக்கு வெள்ளைத் திட்டுகள். நிறத்தை மூடியிருந்த படிகக் கூட்டை நானே உடைத்து, உள்ளே இருந்த நிறத்தைக் கிளேஸுக்கு இரையாக்கியிருந்தேன். அந்தத் தூளை அரைக்கக் கூடாது. சலித்து, கையால் குழைத்தாலே போதும்.

சிர்க்கோனியம் படிகத்துக்குள்ளேயே வனேடியத்தை நுழைத்தால் நீலமும், பிரசியோடிமியத்தை நுழைத்தால் எலுமிச்சை மஞ்சளும் கிடைக்கும். இன்றைய தரை ஓடுகளில் இவை ஏராளம்.

நிறங்களுக்கு அண்டை வீட்டாரும் முக்கியம். குரோமியம் தனியே பச்சை. வெள்ளீயமும் சுண்ணாம்பும் உள்ள இடத்தில் அதுவே துளியளவில் இளஞ்சிவப்பாகும். துத்தநாகம் கலந்த கிளேஸில் பழுப்பாகிவிடும். ஒருமுறை குரோமியப் பச்சை பூசிய சாடி ஒன்றை, வெள்ளீய வெள்ளை பூசிய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துச் சுட்டேன். திறந்தபோது, சாடியைப் பார்த்த பக்கம் மட்டும் கோப்பையின் கன்னம் சிவந்திருந்தது. நான் அங்கே தூரிகையே வைக்கவில்லை. சாடியிலிருந்து ஆவியான குரோமியம் காற்றில் போய் அந்த வேலையைச் செய்திருந்தது. அந்தக் கோப்பையை இன்னும் வைத்திருக்கிறேன். பொடி வாங்கும்போது டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். எந்தக் கிளேஸுக்கு, எத்தனை டிகிரிக்கு, துத்தநாகம் ஆகுமா ஆகாதா என்று கேட்டு வாங்குங்கள்.

பாதுகாப்பைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன். இந்தத் தூள்களை மூச்சில் இழுக்கக் கூடாது. துகளைத் தடுக்கும் நல்ல முகக்கவசம் கட்டாயம். உலர்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஈயம் கலந்த கிளேஸ் உணவுப் பாத்திரத்தில் வேண்டவே வேண்டாம். அதில் தாமிரப் பச்சையும் சேர்ந்தால், புளிப்பான உணவில் ஈயம் இன்னும் அதிகமாகக் கசியும். ஆய்வகங்களில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பாத்திரத்தில் ஊற்றி, 24 மணி நேரம் வைத்து, எவ்வளவு கசிந்தது என்று அளக்கிறார்கள். வீட்டில் வினிகரை ஓரிரவு ஊற்றி வைத்துப் பாருங்கள். நிறம் மங்கினால் அந்தப் பாத்திரத்தில் சாப்பிடாதீர்கள். மங்கவில்லை என்பதாலேயே தேறிவிட்டது என்று எண்ணவும் வேண்டாம். காட்மியமும் ஈயமும் கண்ணுக்குத் தெரியாமலே கசியக்கூடும். சாப்பிடும் பாத்திரமென்றால் ஆய்வகச் சான்று வேண்டும்.

புதிய நிறம் எதுவானாலும் முதலில் சிறு சில்லுகளில் பூசிச் சுட்டுப் பாருங்கள். ஒரே நிறத்தை மெல்லிய பூச்சு, நடுத்தரம், தடிப்பு என்று மூன்றாகப் பூசி, சூளையின் மேல்தட்டில் ஒன்றும் கீழ்த்தட்டில் ஒன்றுமாக வையுங்கள். இரண்டு தட்டுகளும் ஒரே அளவு சூடேறுவதில்லை. சில்லின் முதுகில் எண் எழுதப் பென்சில் உதவாது, எரிந்துவிடும். இரும்பு ஆக்சைடைத் தண்ணீரில் கரைத்து மெல்லிய தூரிகையால் எழுதுங்கள். நாளை காலை நான் திறக்கப்போகும் சூளையில் அப்படி எண் எழுதிய முப்பத்தாறு சில்லுகள் இருக்கின்றன. பத்தொன்பதாம் எண்ணில் ஒரு சிவப்பு வைத்திருக்கிறேன்.

வணக்கம்.