தேம்பாவணி: எங்கே பிரிப்பது?

(பினாங்கு, ஜார்ஜ்டவுனில் தமிழ்ப் பெயர்கள் குறித்த மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

அவையோருக்கு வணக்கம்.

பெண் குழந்தைக்குப் பெயர் தேடும் பெற்றோர், தந்தை பெயரின் முற்பாதியையும் தாய் பெயரின் பிற்பாதியையும் ஒட்டிப் புதுப்பெயர் செய்துகொள்வதை நீங்கள் அறிவீர்கள். அத்தகைய பெயர்களில் பலவற்றைப் பிரித்துப் பார்த்தால் கையில் பொருள் தங்குவதில்லை. எனக்கு அதில் பெரிய குறையில்லை. ஆனால் இரண்டு விதமாகப் பிரித்தாலும் பொருள் தங்கும் அரிய பெயரொன்று நம்மிடம் உண்டு. என் தமக்கையின் பேத்திக்கு அதைத்தான் சூட்டியிருக்கிறோம்: தேம்பாவணி.

தேன், பா, அணி என்று மூன்றாகப் பிரித்தால், தேன்போல் இனிக்கும் பாக்களால் ஆன அணிகலன் என்று பொருள். தேன் என்பதன் ஈற்று னகரம் பகரத்தின் முன் மகரமாகத் திரிய, பாவுக்கும் அணிக்கும் நடுவே வகர உடம்படுமெய் வந்து நிற்கிறது. தேம்பா, அணி என்று இரண்டாகப் பிரித்தாலோ அது வாடாத மாலை. தேம்புதல் என்பதற்கு வாடுதல் என்றும் பொருள் உண்டு. பெயர் வைத்த அன்று எங்கள் பெரியம்மா, "பிள்ளை பெயரிலேயே தேம்பலா?" என்று முகம் சுளித்தார். "தேம்பல் இல்லை பெரியம்மா, தேம்பா" என்று நான் இலக்கணம் பேசிக்கொண்டிருந்தபோது, தொட்டிலில் குழந்தை தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தது.

இப்பெயரை முதலில் தாங்கியது பெண்ணன்று, ஒரு காப்பியம். இத்தாலியில் 1680இல் பிறந்து, சேசு சபைத் துறவியாகத் தமிழகம் வந்து, வீரமாமுனிவர் எனப் பெயர்பெற்ற பெஸ்கி பாதிரியார், இயேசுவின் வளர்ப்புத் தந்தை யோசேப்பாகிய சூசையப்பரைத் தலைவராக வைத்து, 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களுமாக அதைப் பாடினார். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயரின் பொருள் பெருகுதலைச் சுட்டுவதால், தம் தலைவருக்கு வளன் என்று தமிழில் பெயரிட்டவர் அவர். ஆண் புனிதருக்குத் தொடுத்த மாலை பெண்ணுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்களானால், கல்யாணி, நாராயணி என்று பழகிய நம் செவிக்கு அந்த ஈற்றொலியே போதும் என்பேன். சைவக் குடும்பத்தில் இப்பெயர் எதற்கு என்று எங்களை யாரும் கேட்கவில்லை. சூலை மாதத்தில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் ஆலயத்துக்கு மெழுகுவத்தி கொண்டு போகும் வீடுதானே எங்களுடையது.

எனக்கு இப்பெயரில் மிகவும் பிடித்தது அதன் முதல் எழுத்து. குறில் எகரத்துக்குப் புள்ளியிட வேண்டும் என்பது பழைய இலக்கணம். ஏடு எழுதியவர்களோ பெரும்பாலும் புள்ளியை விட்டுவிடுவார்கள். எழுதியிருப்பது தெகரமா தேகாரமா என்பதைப் படிப்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க நெடிலின் கொம்புக்கு மேலும் ஒரு சுழியைத் தந்தவர் வீரமாமுனிவரே என்பது பெருவழக்கு. ஆக, அவர் நூலின் பெயர் அவர் திருத்திய எழுத்திலேயே தொடங்குகிறது.

நம் அடையாள அட்டையின் ரோமன் எழுத்தில் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே வடிவம்தான், ஆகவே பழைய ஏட்டுக் குழப்பம் இங்கே திரும்ப வந்துவிடுகிறது. அண்மையில் ஒரு கிளினிக்கில் "டெம்பாவானி" என்று மூன்று முறை அழைத்தும் எங்கள் பிள்ளை எழுந்திருக்கவில்லை. பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருக்கும் அவள், நோட்டுப் புத்தக அட்டையில் தன் பெயரைத் தமிழில் எழுதும்போது, அந்தக் கொம்பின் மேற்சுழியை மட்டும் மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாகச் சுழிக்கிறாள்.