அட்வான்ஸ் வாங்கியவருக்கு உரிமை உண்டா?

(காட்சி: இரவு. பள்ளிபாளையத்தில் ஒரு தெரு. தறிச் சத்தம்.)

நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் ராத்திரியில் போனால் தெருவெல்லாம் விசைத்தறிச் சத்தம். அந்தச் சத்தத்துக்குள் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மகள் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ தாங்கள் வேலை செய்யும் தறிப் பட்டறையின் உரிமையாளரான பட்டறைக்காரரிடம் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார்கள். அது தீரும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. பிடித்தம் போக மிஞ்சும் கூலி சாப்பாட்டுக்கே சரியாகிவிடுகிறது. நோம்பி, பண்டிகை வந்தால் மறுபடியும் அட்வான்ஸ். புருஷனுக்கு உடம்பு முடியாத நாளில் பொண்டாட்டி தறியில் நிற்கிறார்.

இது தப்பு என்று சொன்னால் ஊரில் ஒரு பதில் வரும். "ஏனுங்க, வாங்குன காசைக் கழிக்காமப் போறது நாணயமுங்களா?"

இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. கொங்கு நாட்டில் நாணயம் பெரிய சொல். பத்திரம் எழுதாமல் வாய்ப்பேச்சிலேயே பணம் கைமாறுவது அந்த ஒரு சொல்லை நம்பித்தான். அது நிஜமான அறம்.

ஆனால் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், கொத்தடிமையாக வைத்திருக்கக் காரணமான கடனே செல்லாது என்கிறது. திருப்பித் தர வேண்டியதில்லை. சரி, ஊர் நாணயத்தை மீறிப் பேச இந்தச் சட்டத்துக்கு எங்கிருந்து பலம் வந்தது? 'மனிதர் எல்லோருக்கும்' என்று தொடங்கும் ஒரு நீதியை நம்பி அரசியல் செய்ய முடியுமா?

(காட்சி: பாரிஸ், ஐ.நா. பொதுச்சபை.)

1948 டிசம்பர் 10. மனித உரிமைப் பிரகடனம் வாக்கெடுப்புக்கு வருகிறது. ஆதரவு 48 நாடுகள். எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. 8 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. அதில் ஒன்று தென்னாப்பிரிக்கா. நிறவெறிக் கொள்கையோடு அங்கே புது அரசு வந்த வருஷமும் 1948தான்.

இந்த உரிமைகளுக்கு ஆதாரம் என்ன என்பதில் மட்டும் ஒற்றுமை இல்லை. கடவுளா, பகுத்தறிவா, மனித இயல்பா? உரிமைப் பட்டியலை ஒத்துக்கொள்கிறோம், ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள் என்பதுதான் நிலைமை என்று ஐ.நா.வின் கல்வி, பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோவில் இது பற்றி நடந்த விவாதங்களில் இருந்த பிரெஞ்சுத் தத்துவவாதி ஜாக் மரித்தான் பதிவு செய்திருக்கிறார். கடைக்கால் எடுக்காமல் எழுப்பிய வீடு என்று சொல்லலாம்.

பிரகடனத்துக்கு முந்தின வருஷமே அமெரிக்க மானிடவியலாளர் சங்கம் கேட்டது: ஒரு பண்பாட்டின் மதிப்பீடுகளை உலகத்துக்கே பொது என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. ஆதரித்து வாக்களித்த பிரிட்டனும் பிரான்சும் அப்போது காலனிகளை வைத்திருந்தன.

ஆனால் அதே பிரகடனத்தின் முதல் பிரிவைப் பாருங்கள். ஆங்கில வரைவில் இருந்த 'all men' என்பதை 'ஆண்கள் எல்லோரும்' என்றும் படிக்க இடம் இருந்தது. 'மனிதப் பிறவிகள் எல்லோரும்' என்று மாற்ற வைத்தவர் இந்தியப் பிரதிநிதி ஹன்ஸா மேத்தா. பொது என்று சொன்னீர்களே, அப்படியானால் என்னையும் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்பது இதுதான். எனக்கு இதில்தான் அடித்தளம் தெரிகிறது. யாரோ நிரூபித்துத் தந்ததால் அல்ல, வெளியே நிறுத்தப்பட்டவர் கையில் எடுப்பதால் அந்தச் சொல் நிற்கிறது.

(காட்சி: சோமனூர். ஓடாமல் நிற்கும் தறிகள்.)

இப்போது பட்டறைக்காரர் பக்கம் வருவோம். அவரும் பெரும்பாலும் சிறு ஆள். பாவும் நூலும் கொடுக்கிற ஜவுளி உற்பத்தியாளருக்குக் கூலிக்கு நெய்து தருகிறவர். சோமனூர், பல்லடம் பக்கம் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்திப் போராடுகிறவர்கள் இவர்களைப் போன்றவர்கள்தான். "ஒத்துக்கிட்ட கூலிக்குத்தானே ஓட்டினீங்க?" என்று கேட்டால், "வேற வழி இல்லாம ஒத்துக்கிட்டமுங்க" என்பார்கள். அவர்கள் சொல்வது சரி. அதே வார்த்தையை அட்வான்ஸ் வாங்கிய தறிக்காரரும் சொல்கிறார். ஒருவர் வாயில் நியாயமாக இருப்பது இன்னொருவர் வாயில் எப்படி நாணயக்கேடு ஆகும்? பொது நீதியை பாரிஸிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. நமக்காகக் கேட்கும் நியாயத்துக்குள்ளேயே அது இருக்கிறது.

1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த 'வேற வழி இல்லாம' என்பதைச் சட்டமாகவே பேசியது. கட்டாய உழைப்பைத் தடை செய்யும் அரசியல் சட்டப் பிரிவு 23இல் 'கட்டாயம்' என்றால் அடி, உதை மட்டும் அல்ல. பசியும் வறுமையும் தள்ளி, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் உழைத்தால் அதுவும் கட்டாய உழைப்புதான்.

(காட்சி: பட்டறைச் சுவரில் தொங்கும் கணக்கு நோட்டு.)

பாக்கி எவ்வளவு என்று எழுதும் நோட்டு பட்டறைக்காரர் கையில்தான் இருக்கும். தறிக்காரர் பார்த்துச் சரிசொன்ன கணக்கு அதில் எத்தனை இருக்கும்? நாணயம் என்று பேசும்போது நாம் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வருவாய்க் கோட்டாட்சியர் விசாரித்து, கொத்தடிமை என்று உறுதியானால் விடுவிப்புச் சான்றிதழ் தருவார். அப்புறம் அந்த நோட்டில் இருக்கும் பாக்கியைக் காட்டித் தறிக்காரரைப் பிடித்து வைக்க முடியாது. அடுத்த தெருப் பட்டறையில் வேலை கேட்டுப் போகலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊருக்கும் போகலாம்.