படச்சுருளில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஏவுகணை: கியூபா, 1962

வணக்கம் நண்பர்களே. இன்று என் மேசையின் மேல் ஓர் அளவுகோலும் ஒரு பழைய வான்படத்தின் அச்சுப் பிரதியும் மட்டுமே இருக்கின்றன. பிரதியைக் கேமராவுக்கு அருகே கொண்டு வருகிறேன், பொறுமையாகப் பாருங்கள். மரக்கூட்டம், நடுவில் ஒரு திறந்தவெளி, அதன் ஓரமாக வெளிறிய சில கோடுகள், அவ்வளவுதான். மேற்குக் கியூபாவில் சான் கிறிஸ்டோபால் அருகே 1962 அக்டோபர் 14 அன்று அமெரிக்காவின் யு-2 வேவு விமானம் எடுத்த படங்களில் இது ஒன்று. இங்கே சோவியத் ஏவுகணைத் தளம் எழும்பிக்கொண்டிருக்கிறது என்று வெள்ளை மாளிகையில் விளக்கப்பட்டபோது, தமக்கு அது பண்ணைக்காகத் திருத்திய நிலம் போலவோ வீடு கட்டத் தோண்டிய பள்ளம் போலவோதான் தெரிந்தது என்று அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடி பின்னாளில் எழுதினார். முதல் முறை பார்த்தபோது எனக்கு அந்த அளவுகூடத் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஏன் தெரிவதில்லை என்பதை ஒரு சிறு கணக்கால் புரிந்துகொள்ளலாம். யு-2 ஏறத்தாழ 70,000 அடி உயரத்தில், அதாவது 21 கிலோமீட்டருக்கு மேலிருந்து படம் பிடித்தது. அதன் கேமரா வில்லையின் குவியத் தூரம் 36 அங்குலம், அதாவது 91 சென்டிமீட்டர். உயரத்தைக் குவியத் தூரத்தால் வகுத்தால் சுமார் 23,000 வருகிறது. தரையில் 23,000 மில்லிமீட்டர் நீளமுள்ள பொருள் படச்சுருளில் ஒரு மில்லிமீட்டராகப் பதியும் என்பது இதன் பொருள். அங்கே கொண்டுவரப்பட்ட நடுத்தர வீச்சு ஏவுகணையான எஸ்.எஸ்.-4-இன் நீளம், அணு ஆயுத முனை பொருத்தாத நிலையில், சுமார் 20 மீட்டர் என்று கொண்டால், சுருளில் அது 0.9 மில்லிமீட்டர்கூட இருக்காது. இதோ, அளவுகோலில் மிகச் சிறிய இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அளவுதான். ஒரு கடுகைவிடச் சிறிய அந்தக் கோட்டை அன்று எடுத்த 928 படங்களில் எங்கே போய்த் தேடுவது?

பட ஆய்வாளர்கள் அப்படித் தேடவே இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஏவுகணையை மறைக்கலாம், துணி போர்த்தலாம், மரத்தடியில் நிறுத்தலாம். ஆனால் அதைக் கொண்டு வருகிறவர்களின் கட்டும் பழக்கத்தை மறைப்பது கடினம். 1957-இல் யு-2 விமானங்கள் சோவியத் ஒன்றியத்தின் தியூராதாம் ஏவுதளத்தைக் கண்டுபிடித்தது ராக்கெட்டைப் பார்த்து அல்ல, மனிதர் வசிக்காத வெட்டவெளியை நோக்கிப் பிரிந்து செல்லும் இருப்புப்பாதையைப் பின்தொடர்ந்துதான்.

கியூபாவிலும் முதல் தடயம் அத்தகையதே. 1962 ஆகஸ்ட் 29 அன்று எடுத்த படங்களில், விமான எதிர்ப்பு ஏவுகணைக்கான தளங்கள் கட்டப்படுவது தெரிந்தது. நடுவில் ரேடார், அதைச் சுற்றி ஆறு ஏவுமேடைகள், அவற்றை இணைக்கும் பாதைகள் என்று மேலிருந்து பார்த்தால் நட்சத்திரம் போலத் தெரியும் அமைப்பு அது. சோவியத் மண்ணில் எத்தனையோ முறை பார்த்துப் பழகிய வடிவம் என்பதால் அதில் ஐயம் எழவில்லை. எதைக் காப்பதற்கு இந்தக் காவல் என்பதே கேள்வி. காவல் போடுவது பெரிய ஏவுகணைகளுக்காகத்தான் இருக்க வேண்டும் என்று சி.ஐ.ஏ. இயக்குநர் ஜான் மெக்கோன் வாதிட்டார். அவருடைய சொந்த ஆய்வாளர்களே அதை ஏற்கவில்லை. சோவியத் ஒன்றியம் அப்படியொரு துணிச்சலில் இறங்காது என்று செப்டம்பர் 19 அன்று அளித்த மதிப்பீட்டில் எழுதினார்கள்.

அந்த மதிப்பீடு எழுதப்பட்ட நாளில் ஏவுகணைகள் கியூபாவுக்கு வந்து இறங்கியிருந்தன. செப்டம்பர் 9 அன்று தைவானின் யு-2 ஒன்று சீனாவின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டதால் வாஷிங்டனில் அச்சம் பரவி, கியூபாவின் உட்பகுதிக்கு மேல் பறப்பது கட்டுப்படுத்தப்பட்டது, மேகமூட்டமும் சேர்ந்துகொண்டது. கட்டுமானத்தைக் கண்காணிப்பதில் மிக முக்கியமானது ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம் பிடிப்பது. சான் கிறிஸ்டோபால் விஷயத்தில் ஆறு வாரங்களுக்கு மேல் அது நடக்கவில்லை. இடைவெளியை அடைக்க உதவியதும் ஒரு வடிவமே. அப்பகுதியில் விமான எதிர்ப்புத் தளங்கள் சரிவகம் போல அமைந்திருப்பதையும், சோவியத் மண்ணில் நெடுந்தூர ஏவுகணைகளைக் காக்கும் தளங்கள் அதேபோல அமைந்திருப்பதையும் ராணுவ உளவுத்துறையின் கர்னல் ஜான் ரைட் கவனித்தார். மேஜர் ரிச்சர்ட் ஹெய்சர் அக்டோபர் 14 அன்று அங்கே பறந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

மறுநாள் அந்தச் சுருள்கள் வாஷிங்டனில் ஒரு கார் விற்பனைக் கடையின் மேல்தளங்களில் இயங்கிய தேசிய நிழற்பட ஆய்வு மையத்துக்கு வந்தன. (உலகின் மிக ரகசியமான அலுவலகங்களில் ஒன்றுக்கு அதைவிட நல்ல மறைவிடம் இருந்திருக்க முடியாது என்று நான் நினைக்கிறேன்.) ஒன்றோடொன்று மேற்படியும் இரு படங்களை அருகருகே வைத்து, ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்றாகக் காட்டும் கருவியின் வழியே பார்த்தால், தட்டையான நிலம் மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும். அப்படிப் பார்த்தவர்களுக்கு, துணி போர்த்திய, 60 அடிக்கும் மேல் நீளமான பொருள்கள் தெரிந்தன. மாஸ்கோ அணிவகுப்புப் படங்களோடும், அமெரிக்காவுக்காக உளவு பார்த்த சோவியத் அதிகாரி ஒலெக் பென்கோவ்ஸ்கி தந்திருந்த கையேட்டோடும் அவர்கள் ஒப்பிட்டார்கள். 16-ஆம் தேதி காலை, இது நடுத்தர வீச்சு ஏவுகணை என்று எப்படித் தெரியும் என்று அதிபர் கென்னடி கேட்டார். நீளத்தை வைத்து என்றார் மைய இயக்குநர் ஆர்தர் லண்டால்.

ஆனால் கென்னடிக்கு உண்மையில் தேவைப்பட்ட விடை வேறு: எப்போது ஏவ முடியும்? ஒரு படம் அதைச் சொல்லாது. நேற்றைய படத்தின் அருகே இன்றைய படத்தை வைத்தால்தான் தெரியும். அக்டோபர் 23 முதல் அமெரிக்கக் கடற்படையின் குரூசேடர் விமானங்கள் சில நூறு அடி உயரத்தில் பாய்ந்து சென்று எடுத்த படங்களில், ஏவுகணைகளுக்கான நீண்ட கூடாரங்கள், எரிபொருள் ஊர்திகள், ஏவுகணைகளை நிமிர்த்தும் பொறிகள், தரையில் ஓடும் மின்வடங்கள், சேற்றில் பதிந்த சக்கரத் தடங்கள் வரை தெரிந்தன. வடம் இழுத்தாயிற்றா, ஊர்தி இடம் மாறியதா என்று ஒவ்வொன்றாகக் குறித்தே தளங்களின் தயார்நிலையை நாள்வாரியாகக் கணித்தார்கள். வீச்சு கூடிய எஸ்.எஸ்.-5-க்கான தளங்களில் கான்கிரீட் வேலை மெதுவாக நடந்துகொண்டிருந்தது. அந்த ஏவுகணைகள் கடைசிவரை கியூபாவுக்கு வந்து சேரவே இல்லை. பனைமரங்களுக்கு நடுவே ஏவுகணைகளை மறைத்துவிடலாம் என்று அந்தக் கோடையில் கியூபாவைப் பார்வையிட்ட மார்ஷல் பிர்யூசோவின் குழு மாஸ்கோவுக்குச் சொல்லியிருந்தது. பனை உச்சியில்தான் மட்டை விரிக்கும், அடியில் நிழல்கூட ஒழுங்காக விழாது என்பது பனையைப் பார்த்த எவருக்கும் தெரியும்.

இந்த வேலைக்கு விலையும் இருந்தது. அக்டோபர் 27 அன்று, ஆகஸ்டில் கட்டும்போதே படம் பிடிக்கப்பட்ட அதே வகை விமான எதிர்ப்பு ஏவுகணை, மேஜர் ருடால்ப் ஆண்டர்சன் ஓட்டிய யு-2-ஐக் கிழக்குக் கியூபாவின் மேல் வீழ்த்தியது. அவர் உயிரிழந்தார்.

மறுநாள் சோவியத் தலைவர் குருஷ்சேவ் ஏவுகணைகளைத் திரும்பப் பெற இணங்கினார். தரையில் வந்து சோதிக்க கியூபாவின் தலைவர் காஸ்ட்ரோ இடம் கொடுக்காததால், கட்டியதைப் பார்த்த கேமராக்களே பிரித்தெடுப்பதையும் பார்க்க வேண்டியிருந்தது. ஏவுகணைகளை ஏற்றித் திரும்பிய சோவியத் கப்பல்களின் மேல்தளத்தில் மாலுமிகள் தார்ப்பாய்களை விலக்கிக் காட்ட, மேலே பறந்த விமானங்கள் படம் எடுத்து, ஏவுகணைகள் 42 என்று எண்ணி முடித்தன.

அணு ஆயுத முனைகளை மட்டும் எந்தப் படமும் அடையாளம் காட்டவில்லை. ஹவானாவுக்குத் தெற்கே பெஹுகால் என்ற இடத்தில் நிலவறைகளில் அவை வைக்கப்பட்டிருந்தன. அந்த இடத்தின் படம் ஆய்வாளர்களிடம் இருந்தது. அவர்கள் அதைப் பார்க்கவும் செய்தார்கள். சோவியத் மண்ணில் அணு ஆயுதக் கிடங்கு என்றால் பல அடுக்கு வேலியும் கடுமையான காவலும் இருக்கும் என்பது அவர்கள் கற்றிருந்த பழக்கம். பெஹுகாலைச் சுற்றி இருந்ததோ ஒரே ஒரு வேலி. அதனால் அந்தப் படத்தை ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.